நிறுத்திய பிறகுதான் ஆபத்து: போதைப் படங்கள் எங்கே சரி, எங்கே பிசகு

ஹெராயின் படம் என்றால் பெரும்பாலும் இதுதான் வரிசை: முதல் ஊசி, கொஞ்ச நாள் சொர்க்கம், வீட்டுச் சாமான் திருட்டு, ஒரு சாவு, பூட்டிய அறைக்குள் மூன்று நாள் வாந்தியும் வியர்வையும், கடைசியில் கதவு திறந்து வெளிச்சம். ஆள் பிழைத்துவிட்டான் என்ற நிம்மதியோடு நாமும் எழுந்து போகிறோம். ஆனால் மருத்துவக் கணக்கில், அவன் செத்துப்போக மிக அதிக வாய்ப்புள்ள நாட்கள் அந்தக் கதவு திறந்த பிறகுதான் தொடங்குகின்றன.

காரணம் எளிது. ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் எல்லாமே ஓபியாய்டு வகை, அதாவது அபினைப்போல வேலை செய்பவை. தினமும் போட்டுக்கொள்பவரின் உடம்பு மெல்ல மெல்லப் பழகி, புதிதாகப் போடுபவரைக் கொன்றுவிடும் அளவைக்கூடத் தாங்கிக்கொள்ளும். நிறுத்திய சில நாட்களிலேயே அந்தத் தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கும். ஏக்கம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. இரண்டு மூன்று வாரம் மறுவாழ்வு மையத்திலோ சிறையிலோ இருந்துவிட்டு வருபவர், பழைய ஞாபகத்தில் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால், மூச்சை நடத்தும் மூளைப்பகுதி மந்தமாகித் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் ஓவர்டோஸில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல 129 மடங்கு இருந்ததாம்.

போதையைப் பற்றி எந்தப் படம் வந்தாலும் இந்த ஒரு விஷயம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் அதற்கு அப்புறம். கீழே உள்ள படங்களின் முடிவுகளையும் பேச வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது 'ட்ரெயின்ஸ்பாட்டிங்'. 1996-இல் டேனி பாய்ல் எடுத்தது. எடின்பரோவில் வேலைவெட்டி இல்லாத ஒரு நண்பர் கூட்டத்தின் கதை. திரைக்கதை எழுதிய ஜான் ஹாட்ஜ் மருத்துவம் படித்தவர். கிளாஸ்கோவில் போதையிலிருந்து மீண்டவர்கள் நடத்திய கால்டன் அத்லெடிக் என்ற குழு படக்குழுவுக்கு ஆலோசனை சொன்னது. தொடக்கத்தில் வரும் கால்பந்து ஆட்டத்தில் எதிரணியாக ஆடுபவர்களும் அவர்கள்தான். அந்த அனுபவம் படம் முழுக்கத் தெரிகிறது.

நாயகன் ரென்டன் போதையை விடப்போகிறேன் என்று முடிவெடுத்து அறைக்குள் அடைந்துகொள்ளும் காட்சியைக் கவனியுங்கள். அவன் அடுக்கி வைக்கும் சாமான்கள்: சூடாக்காமல் அப்படியே குடிக்க டின் டின்னாகத் தக்காளி சூப், காளான் சூப், வெனிலா ஐஸ்கிரீம், பாராசிட்டமால், வைட்டமின், தண்ணீர், ஒரு மெத்தை, சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று என மூன்று வாளிகள். அம்மாவிடமிருந்து எடுத்துவந்த வேலியம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரைகளும் உண்டு. ரென்டன் பார்வையில் அம்மாவும் ஊர் ஏற்றுக்கொண்ட ஒரு வகையில் மாத்திரைக்கு அடிமைதான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலை ஒரு நர்ஸிடம் காட்டினால் தலையாட்டுவார். ஹெராயின் நிறுத்தினால் கடைசி ஊசிக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர் என்று ஆரம்பிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம்: வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, பேதி, மயிர்க்கூச்செறிதல், அடங்காமல் உதைத்துக்கொள்ளும் கால்கள். ஒரு வாரத்தில் உடம்பு பெரும்பாலும் அடங்கும். தூக்கம் திரும்ப இன்னும் பல வாரம் ஆகும். வாளி மூன்று வேண்டும் என்று தெரிந்து எழுதியவருக்கு விஷயம் தெரியும்.

அடுத்து அவன் செய்வது அதைவிடச் சரி. கடைசியாக ஒரே ஒரு முறை, அந்த வேதனைக்குள் மெதுவாக இறங்குவதற்கு, என்று கிளம்புகிறான். கிடைப்பது ஆசனவாயில் வைக்கும் ஓபியம் மாத்திரை. அது கரைவதற்குள் வயிறு கலக்கி, ஸ்காட்லாந்திலேயே மோசமான கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. அருவருப்புக்காக வைத்த காட்சி என்று பலர் நினைக்கிறார்கள். ஓபியாய்டு குடலின் அசைவைக் கட்டிப்போடும். தினமும் போடுபவர்களுக்கு நாள்கணக்கில் மலச்சிக்கல். போதை இறங்கியதும் கட்டு அவிழ்ந்து, தேங்கியதெல்லாம் ஒரேயடியாக வரும். இதை இத்தனை துல்லியமாகத் திரையில் சொன்ன வேறொரு படம் எனக்கு நினைவில்லை.

படத்தின் நடுவில் வரும் ஓவர்டோஸ் காட்சி இந்த வகைப் படங்களிலேயே முக்கியமானது. திருட்டு வழக்கில் தப்பிய ரென்டன், மெத்தடோன் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறான். மெத்தடோன் என்பது ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் நீண்டநேர ஓபியாய்டு. ஒரு நாளைக்கும் மேல் உடம்பில் நிற்கும். அன்றைய மருந்தை ஏற்கெனவே விழுங்கிவிட்டவன், அது போதாமல் சரக்கு விற்கும் ஸ்வானியிடம் போய் ஹெராயினும் ஏற்றிக்கொள்கிறான். ஒன்றின்மேல் ஒன்று. சிவப்புக் கம்பளத்துக்குள் உடம்பு மெல்லப் புதைந்து போகிறது; சத்தம் இல்லை, துடிப்பு இல்லை. ஓபியாய்டு ஓவர்டோஸ் நிஜத்திலும் அப்படித்தான் இருக்கும். நுரை தள்ளித் துள்ளித் துடிப்பதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள், குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவதால்தான் பல உயிர்கள் போகின்றன. ஸ்வானி ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் அவனைத் தெருவுக்கு இழுத்துவந்து டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவிடுவதும் உண்மைக்கு நெருக்கம். போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் உதவி கேட்காமல் இருப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

மருத்துவமனையில் ஊசி போட்டதும் ரென்டன் மூச்சிரைத்து எழுந்து உட்காருகிறான். ஓபியாய்டை, மூளையில் அது ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளிலிருந்து தள்ளிவிடும் நலோக்சோன் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்யும். இரத்தக்குழாயில் போட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு திரும்பும். படம் பிசகுவது அடுத்த காட்சியில். பெற்றோர் உடனே அவனை டாக்ஸியில் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். நலோக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். மெத்தடோன் அதற்குப் பிறகும் நாள் முழுக்க உடம்பில் இருக்கும். அதாவது ரென்டன் வீடு போய்ச் சேர்ந்து, கட்டிலில் படுத்து, மறுபடி மூச்சடங்கியிருக்க வேண்டும். மெத்தடோன் குடித்தவரை ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் கண்காணிக்காமல் அனுப்பக் கூடாது. நிஜத்தில் இந்தத் தவறு நடந்து இறந்தவர்கள் உண்டு என்பதால் இதைச் சாதாரணப் பிழை என்று விட முடியாது.

பிறகு, ரயில் படங்கள் ஒட்டிய சின்ன வயது அறையில் அவனைப் பூட்டிவைக்கிறார்கள். நண்பர் கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணின் இறந்துபோன குழந்தை கூரையில் தலைகீழாகத் தவழ்ந்து வருகிறது. சினிமாவாக மறக்க முடியாத காட்சிதான். ஆனால் ஓபியாய்டு நிறுத்தும்போது இப்படி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது வழக்கமில்லை. அப்படித் தெரிவது குடியை நிறுத்தும்போதும், வேலியம் போன்ற மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தும்போதும்தான். மெத்தடோனும் உடம்பில் இருந்ததால் வேதனை ஹெராயினைப்போல மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்காது. இழுத்து இழுத்து இரண்டு மூன்று வாரம் போகும். படம் அதைச் சில நிமிடத்தில் முடித்துவிடுகிறது. குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் அறையை விட்டு வெளியே வந்த பிறகு ரென்டன் என்ன ஆகிறான் என்பதைப் படம் காட்டுகிறது: ஏக்கமும் வெறுமையும், எச்ஐவி பரிசோதனை, ஊரைவிட்டு லண்டன் போய் ஒரு வேலை, அங்கேயும் வந்து சேரும் பழைய கூட்டாளிகள், சரக்கு விற்பனைக்கு நடுவே தரத்தைச் சோதிக்கிறேன் என்று மறுபடி ஓர் ஊசி. விட்டவன் விட்டபடியே இருப்பதில்லை என்பதை இந்தப் படம் ஒருபோதும் மறைக்கவில்லை.

ரென்டனின் நண்பன் டாமியின் கதையை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. உடம்பைப் பேணுகிறவன், ஊசியைத் தொடாதவன். காதலி விட்டுப்போனதும் ஹெராயினுக்கு வருகிறான், எச்ஐவி வருகிறது, அவளுக்காக வாங்கிய பூனைக்குட்டியின் கழிவிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா கிருமி மூளைக்கு ஏறி இறந்துபோகிறான். எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போன எச்ஐவி நோயாளிகளுக்கு மூளையில் கட்டி வர முக்கியக் காரணங்களில் ஒன்று அந்தக் கிருமி. எடின்பரோவைத் தேர்ந்ததும் தற்செயல் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அங்கே போலீஸ் கெடுபிடியால் சிரிஞ்ச் விற்பனை சுருங்கியது, ஒரே ஊசி பல கைகளுக்குப் போனது. அந்த நகரத்தின் ஒரு பொதுமருத்துவக் கிளினிக்கில் ஊசி போடுபவர்களைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு எச்ஐவி இருந்தது. 1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தகவல் இது. பக்கத்திலிருந்த கிளாஸ்கோவில் அந்த விகிதம் மிகக் குறைவு. இரண்டு ஊரிலும் அதே ஹெராயின்தான். சுத்தமான ஊசி கிடைத்ததா இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம்.

வெளிவந்தபோது இந்தப் படம் போதைக்குக் கவர்ச்சி சேர்க்கிறது என்று அமெரிக்க அதிபர் வேட்பாளர் பாப் டோல் கண்டித்தார். அவர் படத்தைப் பார்த்திருக்கவில்லை. முதல் அரை மணியின் துள்ளலை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். போதையில் சுகம் உண்டு என்று ஒப்புக்கொள்ளாத படத்தை ஒரு பதினெட்டு வயதுப் பையன் பத்து நிமிடம்கூட நம்பமாட்டான். அந்த நேர்மைக்காகவே இதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' (2000) இதற்கு நேர் எதிர். டேரன் அரோனாஃப்ஸ்கி ஏறக்குறைய 2000 படத்தொகுப்பு வெட்டுகளோடு எடுத்த படம். சாதாரணப் படத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஊசி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடித் துண்டுகள் சரம்சரமாக ஓடும்: பொட்டலம், தீ, கொதிப்பு, சிரிஞ்ச், கடைசியில் திரை நிறைய ஒரு கண், அதில் பாவை சட்டென்று விரிகிறது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட துண்டு அது. அதிலேயே பிழை இருக்கிறது. ஹெராயின் ஏறினால் கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். விரிவது கோகெய்ன், ஆம்ஃபெடமின் எடுத்தால், அல்லது ஹெராயின் கிடைக்காமல் தவிக்கும்போது. எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். எழுப்பினால் எழாத ஒருவரின் இமையைத் திறந்து பார்த்து, பாவை சுருங்கியிருந்தால் ஓபியாய்டு என்று சந்தேகிப்பது அவசர சிகிச்சையின் முதல் பாடங்களில் ஒன்று. அதைத் தலைகீழாகக் கோடிப் பேர் மனதில் பதியவைத்த படம் இது.

ஆனாலும் இந்தப் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். காரணம் சாரா கோல்ட்ஃபார்ப். தனியாக வாழும் விதவைத் தாய். டிவி நிகழ்ச்சிக்கு வரச்சொல்லி ஓர் அழைப்பு வருகிறது. பழைய சிவப்பு உடைக்குள் உடம்பு நுழைய வேண்டும். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காத மருத்துவர் எடை குறைய மாத்திரை எழுதித் தருகிறார்: காலையில் ஊதா, மதியம் நீலம், மாலையில் ஆரஞ்சு, இரவு தூங்கப் பச்சை. பகல் மாத்திரைகள் ஆம்ஃபெடமின் வகை ஊக்கிகள். பசி போகிறது, வீடு பளபளக்கிறது, சில வாரத்தில் அதே மாத்திரை போதாமல் போகிறது, அவளே அளவைக் கூட்டுகிறாள், குளிர்சாதனப் பெட்டி உறுமி நகரத் தொடங்குகிறது. ஆம்ஃபெடமின் மிகையாகப் போனால் வரும் மனப்பிறழ்வு இதே வரிசையில்தான் வரும்: தூக்கமின்மை, பசியின்மை, யாரோ கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், பிறகு இல்லாததைக் காண்பது.

மகன் ஹாரி புது டிவி வாங்கித் தந்துவிட்டு அம்மாவைப் பார்க்க வரும் காட்சி படத்தின் உச்சம் என்பேன். அம்மா மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். பேச்சுக்கு நடுவே பல் நறநறவென்று கடிபடும் சத்தம். ஹாரியின் முகம் மாறுகிறது. மருத்துவருக்குத் தெரியாதது, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தெரியாதது, ஹெராயின் போடும் மகனுக்கு அந்த ஒரு சத்தத்தில் தெரிந்துவிடுகிறது. ஊக்கி மாத்திரைகள் தாடையை இறுக்கிப் பல்லைக் கடிக்கவைக்கும். இதைத் தெரிந்து ஒலியில் வைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். எலன் பர்ஸ்டினுக்கு இந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

கடைசி அரை மணியில் அரோனாஃப்ஸ்கி கட்டுப்பாட்டை விட்டுவிடுகிறார். ஹாரியின் கையில் சீழ் பிடித்து, கறுத்து, கை வெட்டப்படுவது நடக்கக்கூடியதுதான். சுத்தமில்லாத ஊசியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதும் கொண்டுபோய்விடும் இடம் அது. சாராவுக்குக் கொடுக்கும் மின்அதிர்ச்சி சிகிச்சைதான் உறுத்துகிறது. நினைவோடு கட்டிவைத்து, வாயில் கட்டை கொடுத்து, உடம்பு வில்லாக வளையும் அந்தக் காட்சி 1940-களைச் சேர்ந்தது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துச் செய்வது பல பத்தாண்டுகளாக வழக்கம். உடம்பில் கால் விரல் லேசாக அசைவதுதான் பெரும்பாலும் வெளியே தெரியும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதையே தடைசெய்கிறது. கடுமையான மனச்சோர்வில் சாப்பிடாமல் கிடக்கும் ஒருவருக்கு அந்தச் சிகிச்சை உயிர் கொடுக்கக்கூடியது. ஐயோ ஷாக்கா, வேண்டவே வேண்டாம் என்று குடும்பம் மறுப்பதில் இந்த மாதிரிக் காட்சிகளுக்குப் பங்கு உண்டு.

ஓவர்டோஸ் பற்றிப் பேசும்போது 'பல்ப் ஃபிக்ஷன்' (1994) ஊசியைச் சொல்லாமல் நகர முடியாது. கோகெய்ன் என்று நினைத்து ஹெராயினை மூக்கில் இழுத்துவிட்ட பெண்ணின் நெஞ்சுக்கூட்டைத் துளைத்து அட்ரினலின் ஏற்றுகிறார்கள், அவள் துள்ளி எழுகிறாள். நடப்பதில்லை. அங்கே கோளாறு மூச்சில். இதயம் நிற்பது அதன் பின்விளைவு. அட்ரினலின் ஓபியாய்டை ஏற்பியிலிருந்து தள்ளாது. அதற்கு இருப்பது நலோக்சோன். அமெரிக்காவில் 1971-லேயே அனுமதி பெற்றது, 2023 முதல் அங்கே மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நம் ஊரில் அது ஆஸ்பத்திரியில் ஊசியாகத்தான் இருக்கும். ஆகவே வீட்டில் ஒருவர் உதடு நீலம் பாய்ந்து, கர்கர் என்று அபூர்வமாக மூச்சு விட்டு, உலுக்கினாலும் எழாமல் கிடந்தால், 108-ஐக் கூப்பிட்டு, என்ன எடுத்திருப்பார் என்பதை ஒளிக்காமல் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைப் பின்னால் சாய்த்து ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். மூச்சு சீராக இருந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, உப்புக் கரைசல் புகட்டுவது, கைத்தாங்கலாக நடக்கவைப்பது எல்லாம் சினிமா வைத்தியம்.

பழைய படங்களில் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' (1955) சரித்திரத்துக்காகப் பார்க்க வேண்டியது. போதைப் பழக்கத்தைத் திரையில் காட்டவே ஹாலிவுட் தணிக்கை விதி இடம் தராத காலத்தில், முத்திரை இல்லாமலே ஆட்டோ ப்ரெமிங்கர் அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு விதி தளர்ந்தது. பூட்டிய அறை, மூன்று நாள், விடுதலை என்ற அச்சை வார்த்ததும் அந்தப் படம்தான். 'தி பேனிக் இன் நீடில் பார்க்' (1971) அதைவிடப் பல மடங்கு முதிர்ந்தது. நியூயார்க்கின் 72-ஆம் தெரு அருகே நடக்கும் கதை. பின்னணி இசையே கிடையாது. அல் பசீனோவும் கிட்டி வின்னும் காதலர்கள். ஊரில் சரக்கு தட்டுப்பாடு வந்ததும் யார் யாரைப் போலீஸில் காட்டிக்கொடுப்பார்கள் என்பதுதான் படம். முடிவில் யாரும் திருந்துவதில்லை, யாரும் சாவதுமில்லை. சிறையிலிருந்து வெளியே வருபவனுக்காக வாசலில் அவள் நிற்கிறாள். அந்த முதல் இரண்டு வாரங்களின் கணக்கு தெரிந்து பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

அதிகம் பேர் பார்க்காத, ஆனால் குடும்பங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் 'ஃபோர் குட் டேஸ்' (2020). க்ளென் க்ளோஸ் தாய், மிலா குனிஸ் மகள். பலமுறை மையத்துக்குப் போய்ப் பலமுறை மறுபடி விழுந்த மகளுக்கு, மாதம் ஒருமுறை போடும் நால்ட்ரெக்சோன் ஊசி கிடைக்கப்போகிறது. அந்த மருந்து ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும்; அதற்குமேல் ஹெராயின் போட்டாலும் போதை ஏறாது. ஆனால் உடம்பில் துளி ஓபியாய்டுகூட இல்லாமல் 7 முதல் 10 நாள் கழிந்திருக்க வேண்டும். மையத்தில் கொஞ்ச நாள் ஆகிவிட்டது, இன்னும் நான்கு நாள் வீட்டில் தாங்க வேண்டும். படமே அந்த நான்கு நாள்தான். வீட்டுக்குள் விடலாமா, கைப்பையை எங்கே வைப்பது, கழிப்பறையில் இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று தாயின் கண் ஒவ்வொரு நொடியும் வேலை செய்கிறது. கடைசியில் மகள் தவறிவிடுகிறாள். பரிசோதனையில் மாட்டாமலிருக்கத் தாயின் சிறுநீரைக் கேட்கிறாள். பாசத்தில் தாயும் கொடுக்கிறாள். ஊசி போட்டதும், இருந்த ஓபியாய்டை மருந்து ஒரேயடியாகப் பிடுங்கித் தள்ள, நாள்கணக்கில் வரவேண்டிய வேதனை நிமிடங்களில் மொத்தமாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகிறது. இது மிகைப்படுத்தல் இல்லை. மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் இருக்கும் விஷயம். இதோடு ஒன்றைச் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்: நால்ட்ரெக்சோனில் சில மாதம் இருந்துவிட்டு அடுத்த ஊசியைத் தவறவிட்டால், உடம்பில் தாங்கும் சக்தி சுத்தமாக இருக்காது. பழைய அளவு அப்போது விஷம். படமாக இது கொஞ்சம் டிவி நாடகத் தன்மையோடு இருக்கிறது, மிலா குனிஸின் ஒப்பனை தூக்கலாகத் தெரிகிறது. இருந்தாலும் விட்ட பிறகு வரும் நாட்களையே கதையாக எடுத்துக்கொண்டதற்காக அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 'உட்தா பஞ்சாப்' (2016) அளவுக்குத் துணிந்த பெரிய நட்சத்திரப் படம் வேறில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வட்டு எறிவதுபோலப் பொட்டலம் பறந்துவரும் முதல் காட்சியிலேயே இயக்குநர் அபிஷேக் சௌபே நம்மைப் பிடித்துவிடுகிறார். ஊர் பெயரையே நீக்கச் சொன்ன தணிக்கை வாரியத்தை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றம் போனார்கள். ஒரே ஒரு வெட்டோடு வெளியிட அனுமதி கிடைத்தது. பாப் பாடகனின் பகுதியைவிடப் போலீஸ்காரன் சர்தாஜின் தம்பி பல்லியின் பகுதிதான் கனமானது. ஹெராயினைவிடக் கடையில் கிடைக்கும் மருந்துகளே பள்ளிப் பையன்களிடம் போய்ச் சேர்கின்றன என்பதையும், லஞ்சம் வாங்கி விட்ட லாரி கடைசியில் தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதையும் படம் சரியாகச் சொல்கிறது. மையத்தில் அடைத்துவைத்த பல்லி தப்பியோட முயலும்போது, தன்னைக் காப்பாற்ற வந்த டாக்டர் பிரீத்தே அவன் கையால் சாகிறார். அதிர்ச்சிக்குச் சரி, பார்ப்பவர் மனதில் தங்குவது போதைக்காரன் கொலைகாரன் என்ற பிம்பம். போதை கிடைக்காத அந்தத் தவிப்பை அடக்க புப்ரெனார்ஃபின் மாத்திரை இருக்கிறது. நாக்கின் அடியில் வைத்துக்கொள்வது. கடைசி ஹெராயினுக்குப் பிறகு தவிப்பு நன்றாகத் தொடங்கியதும் கொடுத்தால் சில மணி நேரத்தில் ஆள் அடங்கி உட்கார்ந்து பேசுவார். அவசரப்பட்டு முன்னாலேயே கொடுத்தால் தவிப்பு இரட்டிப்பாகும். படம் வந்த அடுத்த ஆண்டே பஞ்சாப் அரசு அதைத் தினசரி கொடுக்கும் கிளினிக்குகளைத் தொடங்கியது. கட்டிப்போட்டுக் கதறவிடுவதுதான் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மையங்கள் இன்றும் நாட்டில் உண்டு.

தமிழில் போதைப்பொருள் என்றால் பெரும்பாலும் சரக்கு மூட்டைதான். 'கைதி' (2019), 'விக்ரம்' (2022) இரண்டிலும் கதையே அந்த மூட்டையைச் சுற்றித்தான். அதை உட்கொள்ளும் மனிதர் யார் என்று கேமரா திரும்பிப் பார்ப்பதில்லை. 'விக்ர'மில் சந்தனம் என்ற வில்லன் போதைப்பொருளை வாயில் போட்டுக் கடித்ததும் அடியாள் கூட்டத்தையே அடிக்கும் பலம் வருகிறது. விறுவிறுப்பான காட்சி. அதைப் பார்க்கும் பையன்களுக்கு அதற்கடுத்த நாள் எப்படியிருக்கும் என்று சொல்ல ஒரு காட்சியாவது வேண்டாமா?

தமிழ்ப் படங்கள் அதிகம் தவறுவது குடியில். தினம் குடிக்கும் அப்பா, மகளின் கண்ணீரைப் பார்த்து, பாட்டிலைத் தூக்கிப்போட்டு உடைத்துவிட்டு மறுநாளிலிருந்து நல்லவராகிறார். எத்தனை படம்! பல ஆண்டு தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தினால் முதல் நாளே கை நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஜுரமும் குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வந்து உயிரே போகலாம். ஓபியாய்டு நிறுத்துவது நரக வேதனை, ஆனால் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. குடியை நிறுத்துவது தலைகீழ்: வேதனை குறைவாகத் தெரிந்தாலும் கொல்லக்கூடியது. மருத்துவமனையில் சேர்த்து, அமைதிப்படுத்தும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் வைட்டமின் ஊசி போட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. பாட்டில் உடைக்கும் காட்சிக்கு அடுத்த ஷாட் ஆஸ்பத்திரி வார்டாக இருக்கும் ஒரு தமிழ்ப் படத்துக்காகக் காத்திருக்கிறேன். எங்கே கேட்பது என்று தெரியாதவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446 இருக்கிறது.

பார்ப்பதற்கு முன் ஒரு நடைமுறை விஷயம். வீட்டில் சமீபத்தில் ஊசியை விட்டவர் இருந்தால் 'ரெக்விய'த்தையும் 'ட்ரெயின்ஸ்பாட்டிங்'கையும் அவரோடு உட்கார்ந்து பார்க்காதீர்கள், முதல் ஆண்டாவது. ஸ்பூன், தீ, சிரிஞ்ச் என்று தயாரிப்பைக் காட்டும் துண்டுகள் அவருக்குப் பாடமாக இருக்காது. பார்த்த மாத்திரத்தில் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். பின்னால் வரும் சோகம் அந்த ஏக்கத்தை அழிக்காது. பெற்றோர் தனியாக 'ஃபோர் குட் டேஸ்' பார்க்கலாம். கல்லூரி விடுதியில் எடை குறைக்கவும் ராத்திரி முழித்துப் படிக்கவும் மாத்திரை தேடும் பிள்ளைகளுக்குச் சாராவின் பகுதியைக் காட்டலாம். நர்ஸிங், பார்மசி மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள் ரென்டன் டாக்ஸியில் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் படத்தை நிறுத்தி, இந்த நோயாளியை இப்போது அனுப்பலாமா, அனுப்பினால் எத்தனை மணிக்கு மூச்சு நிற்கும் என்று கேட்கலாம்.